ஒன்பதாவது கட்டை

வெள்ளிக்கிழமை. காலை எட்டேகால். டூபிங்கனில் மழை.
நெக்கார் தெரியும் மூன்றாம் மாடி அறையில்
பதினோரு பேர், சொட்டும் குடைகள்,
ஜன்னலோரம் ஒரு சைக்கிள் தலைக்கவசம்.
முதுகலை, இரண்டாம் பருவம்.
இன்னும் ஓர் ஆண்டில் பள்ளிகளுக்குப் போவார்கள்,
பிள்ளைகளைப் பற்றி எழுத.

பலகையில் எழுதுகிறேன்:
நாலரை வயது, ஒற்றைக் காலில் நொண்டும்.
ஐந்தரை, முக்கோணம் வரையும்.
ஆறு, நேற்றையும் நாளையையும் குழப்பாது.
(நேற்று நான் பல் வைத்தியர் வாசலில் நின்றேன்,
நாளைக்குரிய சீட்டோடு.)
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே: மேலும் பரிசோதிக்க.

என் மொழியிலும் உண்டு ஓர் அட்டவணை.
ஐந்தாம் மாதம் செங்கீரை:
ஒரு கால் மடக்கி, கையூன்றி, தலை நிமிர்ந்து ஆடும்.
ஒன்பதில் சப்பாணி. பிறகு முத்தம். பிறகு வருகை.
ஒன்றரை வயதில் அம்புலி.
நிலாவே, என் பிள்ளையோடு விளையாட வா.
சாமம், தானம், பேதம், தண்டம்
நான்கையும் நிலாவிடம்தான் காட்டினார்கள் புலவர்கள்.
நிலா வரவில்லை.
அதற்காக எவரும் பிள்ளைக்குச் சுழியம் போட்டதில்லை.

இதை நான் வகுப்பில் சொல்வதில்லை.
ஜெர்மனில் செங்கீரைக்குச் சொல் தேடுவதற்குள்
இடைவேளை வந்துவிடும்.

பெட்டியைத் திறக்கிறேன்.
இருவர் இருவராக முன்னே வாருங்கள்.
ஒருவருக்கு ஆறு வயது, மற்றவர் உளவியலாளர்.
மிஞ்சும் ஒருவர் கையில் கடிகாரம்.
படத்தில் உள்ளபடி ஒன்பது கட்டைகள். தொண்ணூறு விநாடி.
பெட்டியில் எட்டுதான் இருக்கின்றன.

லென்னார்ட் நேரம் முடிந்ததும் சுழியம் போட்டான்.
ஹென்ரிக்கே கையேட்டைப் புரட்டினாள், முன்னும் பின்னும்.
தெர்யா தன் அழிப்பானை எடுத்து
இடைவெளியில் வைத்தாள்.
விதிமீறல் என்றான் லென்னார்ட். சரியாகத்தான் சொன்னான்.
ஆறு வயதாக நடித்த ஃபால்க்
(முப்பதை நெருங்குபவன், தாடி வேறு)
நடிப்பை மறந்து
மேசைக்கடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தான்.

எங்கே ஒன்பதாவது?

பன்னிரண்டு வருடம் முன்பு, ராய்ட்லிங்கனில்,
மழைக்கோட்டுக் கொக்கிகள் தாண்டி ஒரு சிறு அறை.
இலிர். கொசோவோவிலிருந்து வந்து எட்டு மாதம்.
கட்டைகளைத் தொடவில்லை. கைகள் மடியில்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
சுழியம் என்று எழுதினேன், அழகான கையெழுத்தில்.

மாலையில் எண்ணியபோது எட்டு.
அவன் கால்சட்டைப் பை புடைத்திருந்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
சிவப்புக் கட்டை. ஏன் எடுத்தான், தெரியாது.
விளையாட இருக்கலாம்.
யாருக்கோ காட்ட இருக்கலாம்.
அந்தச் சுழியம் வேறு சில எண்களோடு சேர்ந்து
அவனைச் சிறப்புப் பள்ளிக்குப் பேருந்தில் ஏற்றியது.

அறிக்கை அதற்குள் தபாலில் போய்விட்டது
என்பேன் ஒவ்வொரு வருடமும்.
மாணவர்கள் தலையசைப்பார்கள்.
இன்று ஏனோ வாயில் வேறு வந்தது:
இல்லை. திங்கள்வரை என் பையில்தான் இருந்தது.
சனி, ஞாயிறு,
ரொட்டிக் கடைக்குக்கூட அந்தப் பையோடுதான் போனேன்.

யாரும் தலையசைக்கவில்லை.
மழை மட்டும் தன்பாட்டுக்குக் கண்ணாடியில்.
லென்னார்ட் தன் தாளை இழுத்து வைத்தான்.
சுழியத்தை அடிக்கவில்லை.
அதன் பக்கத்தில் எழுதினான்:
பெட்டியில் எட்டு.

பத்து மணிக்கு எல்லாரும் போன பிறகு பார்க்கிறேன்,
தெர்யா அழிப்பானை எடுத்துப் போகவில்லை.
கட்டையைவிட அரை விரல் பெரியது அது.
மூடி மூட மறுக்கிறது.
தலைமுடி ரப்பரைக் கழற்றிப் பெட்டிக்குப் போட்டு
கூந்தல் அவிழ்ந்தபடி
படியிறங்குகிறேன்.